இங்கே திறக்கிறது

அந்த மருத்துவமனையில் வரிசை என்பதே கிடையாது. யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல இது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகையே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அதற்கு வரிசை நிற்கும். வரிசை என்றால் தள்ளுமுள்ளு, தள்ளுமுள்ளு என்றால் கெட்ட பெயர். ஆகவே நிர்வாகம் கூடி யோசித்து, ஜன்னலை மூடிவிட்டு ஓர் இணையதளத்தைத் திறந்தது. இனிமேல் யாரைப் பார்க்க வேண்டுமானாலும் அதில்தான் முன்பதிவு. சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எழுத்தரை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, நிரந்தர ஊழியர். அதனால் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டுக் கொடுப்பதில்லை என்ற தகவலைக் கொடுத்துவந்தார். வெளியே நடைபாதையில் எந்நேரமும் ஒரு கூட்டம் நின்றது. ஆனால் அது வரிசை அல்ல. ஒருவர் பின் ஒருவராக நின்றால்தானே வரிசை? இவர்கள் கும்பலாக நின்றார்கள்.

அந்தக் கும்பலில் சைக்கிள் கடைக்காரர் வந்து சேர்ந்த கதை இது.

கடைக்காரரின் மனைவிக்கு ஒரு மத்தியானம் மூச்சு இழுத்துக்கொண்டது. பிடித்த கை விடாமல் வண்டியில் ஏற்றி அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டார். வந்த அவசரத்தில் அவளுடைய கண்ணாடி வீட்டில் தையல் மிஷின் மேல் கிடந்துவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் ஒரே புகைமூட்டம். சக்கரக் கட்டிலில் படுத்தபடி அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவர் முகத்தைத் தேடினாள்.

"இந்தக் கூட்டத்துல உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மண் கலர் சட்டை, மண் கலர் செவுரு."

அது அவர்களுக்குள் பழைய சண்டை. கிரீஸ் பட்டால் தெரியக் கூடாது என்று கல்யாணமான நாள் முதல் அவர் மண் நிறத்தைத் தவிர வேறு சட்டை போட்டதில்லை. ஒரு நீலச் சட்டை போட்டால் குடியா முழுகிவிடும் என்று அவளும் கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

"நாளைக்கு வரும்போது கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்," என்றார்.

"கண்ணாடி வராட்டியும் பரவாயில்லை. நீங்க வாங்க."

"தினமும் வர்றேன். போதுமா?"

அவள் தலையை ஆட்டினாள். கட்டில் நாலாவது மாடிக்குப் போய்விட்டது. பதிவு மேசையில் அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, இந்த எண்ணின் இணைப்பிலிருந்துதான் முன்பதிவு செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினார்கள். தரகர்கள் புகுந்து பார்வை நேரத்தையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்வதால் இந்த ஏற்பாடாம். நல்ல ஏற்பாடுதான் என்று கடைக்காரரும் நினைத்தார். அப்போது அவர் இன்னும் அந்தக் கும்பலுக்கு வெளியாள்.

கடைக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு இணையதளத்தைத் திறந்தார். பாதி திறந்தது. மருத்துவமனையின் படம் வந்தது, ஒரு நர்ஸ் சிரித்தார், அதற்குக் கீழே ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினார். மறுபடி நர்ஸ், மறுபடி வட்டம். துருப்பிடித்த நட்டு ஒரே திருகில் கழன்று வருமா? விடாமல் முயன்றால்தான் வரும் என்பது அவருடைய தொழில் அறிவு. அந்தச் சாயங்காலம் முழுக்கத் தட்டினார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்ஸும் வரவில்லை, வட்டமும் வரவில்லை, வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது.

மறுநாள் மச்சினனைக் கூப்பிட்டார். அவளுடைய தம்பி. கைபேசிக்கு உறை விற்கும் கடையில் வேலை பார்க்கிறான், ஆகவே குடும்பத்துக்குக் கணினி வல்லுநர் அவன்தான்.

"மாமா, நிறுத்திட்டு மறுபடி போட்டீங்களா?"

"போட்டேன்."

"போனையா, நெட் பெட்டியையா?"

"ரெண்டையும். கடை விளக்கைக்கூட அணைச்சுப் போட்டுட்டேன்."

மச்சினன் நெட் பெட்டியை அலமாரி மேல் வைத்துப் பார்த்தான், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான், கொம்பு மாதிரி இருந்த இரண்டு குச்சிகளையும் விரித்துப் பார்த்தான். பழைய நினைவையெல்லாம் அழிக்க வேண்டும் என்று சொல்லி கைபேசியில் எதையோ அழித்தான். அதில் அவள் படம் நாலைந்து போய்விட்டது. இணையதளம் வரவில்லை. கடைசியில் தன்னுடைய கைபேசியில் தட்டிப் பார்த்தான், சட்டென்று திறந்தது. இருவரும் சந்தோஷமாகப் பதிவு செய்யப் போனால், 'இது தங்கள் பதிவு பெற்ற இணைப்பு அல்ல. இணைப்பை மாற்ற, பதிவு பெற்ற இணைப்பிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வரவும்' என்று நின்றுவிட்டது.

"இதுல வரமாட்டேங்குதுன்னுதானே தம்பி அதுல வந்தோம்?"

"அதான் மாமா. அதுல வந்தா, இதுல வரச் சொல்லுது."

அவருடைய கைபேசிக்கும் நெட் பெட்டிக்கும் இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போனார்கள். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மிக மரியாதையாக வேகம் அளந்து காட்டினார். முள் ஓடிப்போய்ப் பச்சைக் கோட்டில் நின்றது. பாட்டு திறந்தது, படம் திறந்தது, யாரோ எங்கோ குட்டிக்கரணம் போடுவது திறந்தது.

"எல்லாம் வருது, அது ஒண்ணுதான் வரலைன்னா அது அவங்க கோளாறு சார். நம்ம இணைப்பு ஆரோக்கியமா இருக்கு." ஆரோக்கியமாக இருப்பதாக ஒரு சான்றிதழும் கொடுத்தார். வீட்டில் ஆரோக்கியமாக இருந்தது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

சான்றிதழையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கடைக்காரர் மருத்துவமனைக்குப் போனார். சீட்டுக் கொடுக்காத எழுத்தர் அதைக் கையால் தொடாமலே படித்தார்.

"புகாரை வெப்சைட்ல போடணும்."

"வெப்சைட் வரலைங்கிறதுதான் புகாரே."

"அப்படின்னா பதினோரு மணிக்கு இயக்குநர் ஐயா வருவார், நில்லுங்க. தினமும் தீர்த்து வைப்பார்."

பதினோரு மணிக்கு இணையதளத்துக்கான இயக்குநர் வந்தார். கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு கணினி, அதற்குப் பின்னால் பெரிய திரை. ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். இந்தப் பக்கம் நடைபாதைக் கும்பல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தது. இயக்குநர் கோட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து ஒரு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பெரிய திரையில் இணையதளம் முழுசாகத் திறந்தது. நர்ஸ் சிரித்தார். ஊழியர்கள் கை தட்டினார்கள். ஓர் உதவியாளர் அன்றைய புகார்கள் அத்தனையின் மேலும் 'இங்கே திறக்கிறது' என்று ரப்பர் முத்திரை குத்தினார். அத்தோடு எல்லாப் புகாரும் தீர்ந்துபோயிற்று. தினப்படி நடப்பதுதான். இது ஆரம்பித்ததிலிருந்து தீராத புகார் என்று அந்த மருத்துவமனையில் ஒன்றுகூட இல்லை.

இயக்குநர் ஒலிபெருக்கியில் இரண்டு வார்த்தை பேசினார். "வாசல்ல வரிசை இல்லாத ஒரே மருத்துவமனை நம்ம மருத்துவமனைதான். முன்னாடி உள்ள வந்த பார்வையாளர் கூட்டத்தால எங்க தரையே தேஞ்சு போச்சு. இப்ப பாருங்க, முகம் பார்க்கலாம். சில பேருக்கு அவங்க வீட்டுல திறக்கலைன்னு சொல்றாங்க. அவங்க வீட்டுக்கு நாங்க பொறுப்பில்லை. இங்க திறக்குது. இங்க திறக்கிற வரைக்கும் அது திறந்திருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்ப நாங்களும் உள்ள வந்து இங்கேயே பதிஞ்சுக்கிறோம்," என்றார் கும்பலில் ஒரு பேருந்து ஓட்டுநர்.

"உள்ள வரணும்னா முன்பதிவு பண்ணணும்," என்று இயக்குநர் அன்பாகச் சொன்னார்.

கடைக்காரர் தினமும் போனார். தினமும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாரே. கடையைச் சாத்திவிட்டுப் போய் நாலாவது மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்த ஜன்னல் என்று தெரியாது, ஆகவே வரிசையாக எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்ச நேரம் பார்ப்பார். கண்ணாடியை உள்ளே கொடுத்தனுப்பக் கேட்டார். பொருள் ஒப்படைக்கத் தனி முன்பதிவு, அதே இணையதளத்தில். வார்டுக்குப் போன் பண்ணினார். 'தாங்கள் இப்போது இணையதளத்திலேயே நோயாளியுடன் பேசலாம்' என்று ஒரு குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவளுக்கு என்ன செய்கிறது, சாப்பிட்டாளா, மூச்சு சீரானதா, ஒன்றும் தெரியவில்லை. கிணற்றில் போட்ட கல்லாக மனைவியைப் போட்டுவிட்டு வந்த மாதிரி அவருக்கு இருந்தது. அப்போதும் விரல் மட்டும் சும்மா இல்லை. நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் எழுத்தருக்கே மனசு இரங்கி ஒரு வழி சொன்னார். "உங்க இணைப்புல கோளாறுன்னா, அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவாங்க. பழுதான கருவின்னு மேல அனுப்பலாம். கருவிக்கு முன்பதிவு தேவையில்லை."

மறுநாள் கடைக்காரர் நெட் பெட்டியைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பை ஒன்றில் போட்டார். யாரும் பார்க்காதபோது கண்ணாடிக் கூட்டையும் உள்ளே செருகினார். காவலர் பையில் ஒரு சீட்டு ஒட்டினார். பணியாள் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கடைக்காரர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று லிஃப்டின் எண்களைப் பார்த்தார். மூன்றில் நின்றது. கணினிப் பிரிவு மூன்றாவது மாடி. இன்னும் ஒரு மாடி ஏறினால் அவள்.

"குடுத்து வெச்ச பெட்டி," என்றார் பக்கத்தில் நின்ற பேருந்து ஓட்டுநர். அவருடைய அம்மா இரண்டாவது மாடியில் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கூடு மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. 'கருவியுடன் சேராத பொருள்' என்று அதில் எழுதியிருந்தது.

சாயங்காலம் கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். மருத்துவமனையில் பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"பெட்டியில ஒண்ணும் இல்லை சார். எங்க பக்கம்தான் அடைச்சிருக்கு. முதல் நாள் சாயங்காலம் நீங்க ரொம்பத் தடவை தட்டினீங்களா?"

"தட்டினேம்மா. அன்னிக்கு முழுக்கத் தட்டினேன்."

"அது... யாரோ வேணும்னே சைட்டைத் தாக்குறாங்கன்னு கணினி நினைச்சு, அந்த வாசலை மூடிடுச்சு. உங்க கம்பெனி இணைப்பு வெச்சிருக்கிற எல்லாரும் வெளிய வர்றது ஒரே வாசல் வழியாத்தான். அதனால அந்தக் கம்பெனி ஆளுங்க யாருக்குமே திறக்கலை."

கடைக்காரர் மெல்லத் திரும்பிக் கும்பலைப் பார்த்தார். அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். எல்லாருக்கும் அதே கம்பெனி. யாராவது கன்னத்தில் ஒரு அறை கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள். "நானுந்தான் அப்படித் தட்டினேன்," என்றாள். ஓட்டுநரும் தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இயக்குநர் வரைக்கும் போயிற்று. அவரே ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"இங்க பாருங்க, நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்லை. எங்க கணக்குப்படி, சராசரி உறவினர் ஒரு நாளைக்கு மூணு தடவை முயற்சி பண்ணுவார். திறக்கலைன்னா விட்டுட்டு வேற வேலையைப் பார்ப்பார். அதுதான் இயல்பு. அதுக்குத்தான் இதை வடிவமைச்சிருக்கோம். நீங்க பண்ணினது இயல்பே இல்லை. இத்தனை தடவை தட்டுறது மனுஷனா இருக்க முடியாதுன்னு கணினி முடிவு பண்ணிடுச்சு. அதைக் குறை சொல்ல முடியுமா?"

"மனுஷன்தாங்க ஐயா. அவளைப் பார்க்கணும்னு தட்டினேன்."

"மனுஷன்னு நீங்க நிரூபிக்கணும். அதுக்குன்னே ஒரு பக்கம் வெச்சிருக்கோம்."

"எங்க?"

இயக்குநர் பதில் சொல்ல வாயெடுத்து, கொஞ்சம் யோசித்து, மூடிக்கொண்டார். அவர் பதவியில் இருந்த காலத்தில் யோசித்த தருணம் அது ஒன்றுதான் என்று எழுத்தர் பின்னாளில் சொன்னார். உடனே சமாளித்துக்கொண்டு, பாதுகாப்புக் குழு வியாழக்கிழமை கூடும், அதில் வைத்து வாசலைத் திறந்துவிடலாம், அதுவரை கடைக்காரர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றார்.

"இனிமே மூணு தடவைக்கு மேல பார்க்க நினைக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க."

கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். கண்ணாடியை மட்டும் இப்போதே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். வியாழக்கிழமை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாமே, எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றார் இயக்குநர்.

புதன்கிழமை காலை அவர் ஒரு சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இந்த ஒரு செய்தியை மட்டும் அவர்கள் இணையதளத்தில் சொல்வதில்லை, போன் போட்டுக் கூப்பிட்டே சொல்கிறார்கள். கடைக்காரர் செயினைக் கீழே வைத்தார். மச்சினனுக்குச் சொல்ல எண்ணைத் தேடினார், அது கண்ணில் படவில்லை, எதிர்க்கடைக்காரர்தான் தேடிக் கொடுத்தார்.

வாசலில் போய் நின்றதும் பழக்கத்தில் கைபேசியை எடுத்தார். காவலர் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இதுக்குப் பதிவு வேண்டாம் சார். போங்க."

கதவு தானாகவே திறந்தது. எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தரை உண்மையிலேயே முகம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. லிஃப்டு நாலாவது மாடிக்குப் போயிற்று. இவ்வளவு சுலபமாகப் போகிற இடமாக இருந்ததே என்று நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. லிஃப்டில் தெரியாத ஆட்களுக்கு நடுவே நின்று வாய்விட்டு அழுதார்.

அவளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வார்டைக் கூட்டித் துடைக்கும் அம்மா ஒருவர் அவளுடைய புடவையும் சீப்பும் வைத்த பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கால்மாட்டுல சுவத்துல டிவி மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. சாயங்காலமானா யாரைப் பார்க்க யார் வந்தாங்கன்னு அதுல எழுத்து வரும். இவங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே. என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவாங்க."

"என்ன எழுதியிருந்துச்சும்மா?"

அந்த அம்மா தயங்கினார். "'தங்களைக் காண இன்று யாரும் முயற்சி செய்யவில்லை'ன்னு."

கடைக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதை எப்படிங்க படிக்கிறது? எனக்கு வாய் வரலை. 'உங்க வீட்டுக்காரர் வந்திருந்தாரு, நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்பாமப் போயிட்டாரு'ன்னு எழுதியிருக்குன்னு சொல்லிட்டேன். ஒரு நாள் சொன்னதுக்கப்புறம் தினமும் சொல்ல வேண்டியதாப் போச்சு. 'ஆமா, அவர் எழுப்ப மாட்டார்'னாங்க. 'கடையில நின்னு நின்னு கால் வலிக்கும், உட்கார ஏதாவது போட்டியா'ன்னு கேட்டாங்க. ஸ்டூல் போட்டேன்னு சொன்னேன்."

"சரி."

"ஒரு நாள், 'அதே பழைய சட்டைதானா'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தைக் கண்டேன், இல்லைங்க, நீலச் சட்டைன்னு சொல்லிட்டேன். வசமா மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா சிரிக்கிறாங்க. 'கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டாரா மனுஷன்'னாங்க. 'நல்லா இருந்துச்சா'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அன்னிக்கு ரெண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா."

"இல்லைம்மா," என்றார் கடைக்காரர். "நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவை வண்டியில் வைத்துக்கொண்டு மாமா துணிக்கடைக்குள் போகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று பயந்து பின்னாலேயே ஓடினான். கடைக்காரர் நீலத்தில் ஒரு சட்டை கேட்டார். எந்த நீலம் என்று கேட்டதற்கு, நல்லா இருக்கிற நீலம் என்றார். அங்கேயே மாற்றிக்கொண்டு, மண் நிறச் சட்டையைச் சுருட்டி விற்பனைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவளை எடுப்பதற்கு முன் கடைக்காரர் கண்ணாடியை எடுத்து, புதுச் சட்டையின் நுனியில் துடைத்து, அவளுக்கு மாட்டிவிட்டார். இப்ப எதுக்குப்பா கண்ணாடி என்று அவளுடைய பெரியம்மா மெல்லக் கேட்டார். கடைக்காரர் நாலடி பின்னால் போய், கால்மாட்டில் நேராக நின்றார். பித்தான்களையெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அப்போது கைபேசி ஒலித்தது. அன்றைக்கு வியாழக்கிழமை. மச்சினன்தான் எடுத்துப் படித்தான். "பாதுகாப்புக் குழு கூடிடுச்சாம் மாமா. நீங்க மனுஷன்தான்னு ஏத்துக்கிட்டாங்களாம். வாசலைத் திறந்துட்டாங்களாம்."

கடைக்காரர் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். விரல் தானாகப் போய் ஒரு தட்டுத் தட்டியது. ஒரே தட்டுதான். வட்டம் சுற்றவில்லை, காத்திருக்கச் சொல்லவில்லை, பக்கம் முழுசாகத் திறந்துகொண்டது. நர்ஸ் சிரித்தார். 'தாங்கள் யாரைக் காண விரும்புகிறீர்கள்?' என்று கேட்டது.

கடைக்காரர் கைபேசியை மச்சினனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடுக்கிற நேரம் வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.